பொன்னாடைக்கு எந்த ஊர்?

சென்ற ஆண்டு ஆரணியில் ஒரு விழாவுக்கு என்னைப் பேச அழைத்திருந்தார்கள். பொதுப் பணத்தில் நடந்த விழா. யார் நடத்தியது, எந்த மண்டபம் என்பதெல்லாம் வாசகர்களுக்கு வேண்டாத விவரம். வரவேற்புரை, முன்னிலை, தலைமையுரை எல்லாம் முறைப்படி நடந்தேறிய பிறகு என் தோளில் ஒரு பொன்னாடையைப் போர்த்தினார்கள். மேடையில் பதினோரு பேர், பதினோரு பொன்னாடை. விளக்கு வெளிச்சத்தில் எல்லாம் தகதகவென்று மின்னின. கைதட்டல் ஓய்வதற்குள் என் கழுத்து வியர்த்துக் கசகசத்துப் போயிற்று. பட்டு என்றால் வியர்வையைக் கொஞ்சமாவது குடித்துக்கொள்ளும். இது ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை.

கூட்டம் முடிந்து கீழே இறங்கினேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்தார். அறுபதைத் தாண்டிய வயது. நாடா பிடித்துக் காய்த்துப்போன விரல்கள். என்னிடம் பேசுவதற்கு முன்னால் என் தோளில் கிடந்த துணியின் ஓரத்தை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"இது நம்ம ஊரு சரக்கு இல்ல தம்பி. பட்டும் இல்ல. பாலியஸ்டரு. மிஷின்ல ஓட்டினது."

"ஆரணியில் போர்த்துகிற பொன்னாடை ஆரணிப் பட்டு இல்லையா, ஐயா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "பட்டுக்கு ஊரு ஆரணி. பொன்னாடைக்கு ஊரு கொட்டேஷனு."

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்ட பிறகு அன்று மேடையில் நான் பேசியதெல்லாம் வெறும் சத்தமாக எனக்குப் பட்டது. மூன்று கடைகளில் விலை கேட்க வேண்டும், அதில் எது குறைவோ அதை வாங்க வேண்டும் என்பது ஆபீஸ் தர்மம். அந்தத் தர்மத்தின்படி, பட்டு நெய்கிற ஊரில், பட்டு நெய்கிறவன் முன்னால், அவனும் சேர்ந்து வரி கட்டிய பணத்தில், எங்கேயோ மிஷினில் ஓட்டிய பாலியஸ்டரை வாங்கி ஒரு கதாசிரியன் கழுத்தில் போட்டிருக்கிறார்கள். கணக்குப் புத்தகத்தில் இதில் ஒரு தவறும் இல்லை. தணிக்கைக்காரர் வந்து பார்த்தாலும் 'சரி' என்றுதான் எழுதிவிட்டுப் போவார்.

நான் அந்தக் கணக்கைத்தான் தவறு என்கிறேன்.

*

ஆரணி சாமான்யப்பட்ட ஊர் அல்ல. கமண்டல நாக நதிக்கரையில் இருக்கும் இந்த ஊரின் மஸ்லின் துணிக்கு ஒரு காலத்தில் கடல் கடந்த கீர்த்தி இருந்தது. பிறகு லங்காஷயரின் மில்கள் வந்தன, கும்பினியார் ராஜ்யமும் வந்தது, மஸ்லின் போயிற்று. பஞ்சு போன இடத்தில் ஊர் பட்டைப் பிடித்துக்கொண்டது. ஆரணியிலும் தேவிகாபுரத்திலும் ஒண்ணுபுரத்திலும் அத்திமலைப்பட்டிலும் இன்றைக்கும் தெருவில் நடந்தால் தறிச் சத்தம் கேட்கும். முன்பு கேட்ட அளவு கேட்காது, ஆனால் கேட்கும். எடை குறைவாக, நெசவு நயமாக இருப்பது ஆரணிச் சேலை. அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. இருந்தும் பெரிய பட்டணத்துக் கடைகளில் அது பல சமயம் காஞ்சிபுரத்தின் பெயரைச் சூட்டிக்கொண்டு விலை போகிறது.

ரயில்கூட இந்த ஊருக்குள் வருவதில்லை. 'ஆரணி ரோடு' என்று பெயர் வைத்துக்கொண்டு களம்பூரிலேயே நின்றுவிடுகிறது. சுற்றிலும் கடல் இல்லையே தவிர, பொருளாதாரக் கணக்கில் ஆரணி ஒரு தீவுதான். நெல்லும் பட்டும் அதன் பிழைப்பு. வெளியே இருந்து பணம் வருவது சேலை விற்றால்தான், அரிசி விற்றால்தான். வந்த பணமும் நின்று நிதானித்துப் போவதில்லை. கச்சாப் பட்டு வாங்கக் கர்நாடகத்துக்கு ஒரு பங்கு. சீனப் பட்டு என்றால் கடலுக்கு அப்பாலே ஒரு பங்கு. ஜரிகைக்குச் சூரத்துக்கு ஒரு பங்கு. கடை லாபம் தியாகராய நகருக்கு ஒரு பங்கு. இவ்வளவும் போக மிச்சம் நிற்பது நெசவாளியின் கூலிதான். அந்தக் கூலிதான் ஊரின் ரத்த ஓட்டம்.

மறுநாள் காலையில் அந்தப் பெரியவரின் வீட்டுக்குப் போனேன். குழித்தறியில் அவர் உட்கார்ந்திருந்தார். மூலையில் அவர் சம்சாரம் தார் சுற்றிக்கொண்டிருந்தார். தறியில் ஏறியிருந்தது ஒரு பாவு. அந்தப் பாவு தறிக்கு வந்து சேர்வதற்குள் எத்தனை கைகளைக் கடந்து வருகிறது என்று அவர் விரல் விட்டு எண்ணினார்: சாயம் தோய்க்கிறவர், பாவு ஓட்டுகிறவர், அச்சு பிணைக்கிறவர், ஜக்கார்டு பெட்டிக்கு அட்டை அடிக்கிறவர், தார் சுற்றுகிறவர். இத்தனை பேரும் பக்கத்துத் தெரு ஆட்கள். அவர்கள் வாங்குகிற கூலி சாயங்காலமே இட்லிக் கடைக்குப் போகிறது, மளிகைக் கடைக்குப் போகிறது, பள்ளிக்கூடத்துக்குப் போகிறது, மருந்துக் கடைக்குப் போகிறது. இட்லிக் கடைக்காரர் தம் பெண்ணின் கல்யாணத்துக்கு அதே ஊரில் சேலை எடுக்கிறார். ஒரு ரூபாய் ஊரை விட்டுப் போவதற்குள் நாலு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டுப் போகிறது. ஆனால் பாலியஸ்டர் பொன்னாடைக்குக் கொடுத்த ரூபாய் அன்றைக்கே லாரி ஏறிவிட்டது.

"சர்க்கார் உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டேன். பத்திரிகைக்கு எழுதுகிறவனுக்கே உரிய அசட்டுக் கேள்வி.

"எங்களுக்கு விழா வேணாம் தம்பி. தள்ளுபடியும் வேணாம். வேல குடுங்க. ஆடி மாசத்துல குடுங்க, மார்கழியில குடுங்க. கல்யாணம் இல்லாத மாசத்துல தறி தூங்குது பாருங்க, அப்பக் குடுங்க."

நான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போவதெல்லாம் இந்த வாக்கியங்களுக்கு வியாக்கியானம்தான்.

*

கைத்தறிக்குச் சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். 1935-லேயே கோ-ஆப்டெக்ஸ் பிறந்துவிட்டது. 1953-ல் மில் துணி மீது கூடுதல் வரி விதித்துக் கைத்தறியையும் கதரையும் வளர்க்கச் சட்டம் வந்தது. வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே சொந்தமாக இருக்க வேண்டும் என்று முதலமைச்சராக இருந்த ராஜாஜி வாதாடினார். அவரை எதிர்த்து அரசியல் நடத்திய அண்ணாவும் அவர் தோழர்களும் அதே காலத்தில் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருவில் விற்றார்கள். எதிலும் ஒத்துப் போகாத இரண்டு தரப்பும் இந்த ஒன்றில் ஒத்துப் போயின. 1985-ல் கைத்தறிக்கென்று 22 வகைத் துணிகளை ஒதுக்கி மத்திய சர்க்கார் சட்டம் செய்தது. பிறகு அந்த 22 சுருங்கி 11 ஆயிற்று. 2015 முதல் ஆகஸ்டு 7-ஆம் தேதி தேசியக் கைத்தறி தினம். அன்றைக்கு நல்ல பிரசங்கங்கள் நடக்கின்றன.

இவ்வளவுக்கும் பிறகு நிலவரம் என்ன? 2019-20-ல் எடுத்த நாலாவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாடு முழுவதும் கைத்தறித் தொழிலில் இருப்பவர்கள் சுமார் 35 லட்சம் பேர். அதற்குப் பத்து வருஷம் முன்னால் 43 லட்சம். இருக்கிற குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. இந்தக் கணக்கையும் கைத்தறி தினப் பிரசங்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்க்க வேண்டும்.

கோளாறு எங்கே? சர்க்கார் நெசவாளிக்கு அனுதாபம் காட்டுகிறது. அவனிடம் வாங்க மட்டும் தயங்குகிறது. தள்ளுபடி என்பது என்ன? தீபாவளிக்கு 30 சதவீதத் தள்ளுபடி என்று பலகை தொங்குகிறது. அந்த லாபம் வாங்குகிறவருக்கு. நெசவாளிக்குக் கிடைப்பது தீபாவளிக்கு முன்னால் இரண்டு மாதம் இடுப்பு ஒடிய வேலை; பின்னால் இரண்டு மாதம் ஓட்டை எண்ணிக்கொண்டு படுத்திருக்கும் ஓய்வு. தள்ளுபடித் தொகை சங்கத்துக்கு வந்து சேரத் தாமதமானால் அந்தப் பணம் முடங்கி, அடுத்த பாவுக்குப் பட்டு வாங்கச் சங்கத்தின் கையில் காசு இல்லாமல் போகிறது. தள்ளுபடி ஒரு கஷாயம், குடிக்கலாம். கஷாயத்தையே சாப்பாடாக்கிவிட்டால் உடம்பு தேறுமா?

சர்க்கார் துணியே வாங்குவதில்லை என்றால் நான் இவ்வளவு பேச மாட்டேன். இந்த நாட்டில் சர்க்காரைப் போலத் துணி வாங்குகிறவர் வேறு யார் இருக்கிறார்கள்? 1983-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் ஆரம்பித்த வேட்டி சேலைத் திட்டம் ஒன்றே போதும். ஒவ்வொரு பொங்கலுக்கும் ஏறக்குறைய ஒன்றேமுக்கால் கோடி சேலை, அதே அளவுக்கு வேட்டி, சுமார் 500 கோடி ரூபாய்ச் செலவு. ஏழைக்குத் துணி, நெசவாளிக்கு வேலை என்று ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கப் போட்ட திட்டம் இது. நல்ல திட்டம், மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் இன்றைக்கு அதில் பெரும்பகுதி விசைத்தறியில் ஓடுகிறது. விசைத்தறிக்காரரும் உழைப்பாளிதான், அவர் சோற்றில் மண் போடச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெரியவரின் வீட்டில் நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். கொடியில் ஒரு பொங்கல் சேலை காய்ந்துகொண்டிருந்தது, ரேஷன் கடையில் வரிசையில் நின்று வாங்கி வந்தது. பிறர் பெண்டாட்டிகளுக்குப் பட்டு நெய்கிற மனிதரின் சம்சாரத்துக்கு, வேறு ஊர் விசைத்தறியில் ஓடிய பாலியஸ்டர் கலந்த சேலை இனாம். துணி வந்து சேர்ந்தது, வேலை வரவில்லை. இரண்டு மாங்காயில் ஒன்று மரத்திலேயே நின்றுவிட்டது.

மத்திய சர்க்காருக்கு ஒரு விதி இருக்கிறது. 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின் கீழ், மத்திய இலாகாக்கள் வாங்கும் துணியில் குறைந்தது 20 சதவீதம் கைத்தறியாக இருக்க வேண்டும். நல்ல விதி. ஆனால் விதி எழுதினவர்களும் துணி வாங்குகிறவர்களும் ஒரே கட்டடத்தில் இருந்தாலும் ஒரே மாடியில் இருப்பதில்லை போலும். எத்தனை சர்க்கார் ஆபீஸ்களில் ஜன்னல் திரையைத் தொட்டுப் பார்த்து, 'இது கைத்தறி' என்று உங்களால் சொல்ல முடிந்திருக்கிறது?

*

குறைந்த விலைக்கு வாங்குவதுதானே பொதுப் பணத்துக்குச் செய்யும் நியாயம் என்று கேட்பார்கள். கேட்கட்டும். குறைந்த விலை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பக்கத்து மாநிலத்திலேயே ஓர் உதாரணம் கிடைத்திருக்கிறது.

திருப்பதி தேவஸ்தானத்தில் பிரமுகர்களுக்கும் நன்கொடையாளர்களுக்கும் பட்டு அங்கவஸ்திரம் போர்த்தி மரியாதை செய்வது வழக்கம். 2025 டிசம்பரில் ஒரு செய்தி வந்தது. அந்தப் பட்டு வஸ்திரங்களைச் சோதனைச் சாலைக்கு அனுப்பிப் பார்த்தால் பட்டே இல்லை, பாலியஸ்டர் என்று தெரிந்ததாம். சுமார் பத்து வருஷமாக இப்படி நடந்திருக்கலாம் என்றும், தொகை 54 கோடி ரூபாய் அளவில் இருக்கும் என்றும் பத்திரிகைகள் எழுதின. தேவஸ்தானமே விஷயத்தை லஞ்ச ஒழிப்புத் துறையிடம் ஒப்படைத்தது. குற்றம் யாருடையது என்பதை விசாரணை சொல்லட்டும். அதில் நான் தலையிடவில்லை. எனக்கு வேண்டியது வேறு ஒரு பாடம். நெய்கிறவனின் முகத்தைப் பார்க்காமல், தறியைப் பார்க்காமல், காகிதத்தை மட்டும் பார்த்து வாங்கினால் பட்டு எப்போது பாலியஸ்டர் ஆயிற்று என்பது வாங்குகிறவருக்கே தெரியாமல் போகும். ஆரணிப் பெரியவர் இரண்டு விரலால் ஒரு நொடியில் கண்டுபிடித்ததைக் கண்டுபிடிக்க ஒரு பெரிய தேவஸ்தானத்துக்கு இவ்வளவு காலமும் ஒரு சோதனைச் சாலையும் வேண்டியிருந்தன. பக்கத்தில் வாங்குவதில் இருக்கும் பெரிய சௌகரியம் இதுதான்: பொருளை அறிந்தவன் பக்கத்திலேயே இருக்கிறான்.

விலைக்கு வருவோம். ஒரு சாமான் மலிவா, கிராக்கியா என்பதைக் கடைக்காரன் போட்ட பில்லை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியுமா? வேலை இல்லாமல் தறியை விட்டு இறங்கின நெசவாளி எங்கே போகிறான்? சென்னையில் ஏதோ ஓர் அடுக்குமாடி வீட்டு வாசலில் காவல்காரனாக நிற்கிறான். அவன் குழந்தைகளின் படிப்பு பாதியில் நிற்கிறது. அவன் தாயாருக்கு உதவித்தொகை கொடுக்க வேண்டி வருகிறது. முப்பது வருஷத்தில் கற்ற வித்தை ஒரு தலைமுறையோடு செத்துப் போகிறது. மலிவு விலையில் மிச்சம் பிடித்த ரூபாயை வேறு தலைப்பில், வேறு இலாகாவில், வேறு வருஷத்தில் நாமே செலவழிக்கிறோம். தலைப்பு வேறாக இருப்பதால் கணக்குப் பிள்ளைக்குத் தெரிவதில்லை. ஊருக்குத் தெரிகிறது.

*

இதெல்லாம் ஒரு கதாசிரியனின் உணர்ச்சிப் பேச்சு என்று ஒதுக்குகிறவர்களுக்காக இங்கிலாந்துக்குப் போய் வருவோம். அதுவும் லங்காஷயருக்கே போவோம். நம் மஸ்லினை ஒழித்த அதே ஜில்லாவுக்கு.

அங்கே பிரெஸ்டன் என்று ஒரு நகரம். நூற்பு யந்திரத்தால் உலகத்தையே புரட்டிப் போட்ட ரிச்சர்டு ஆர்க்ரைட் 1732-ல் பிறந்த ஊர். மில்கள் பெருகி, கொழித்து, பிறகு மூடப்பட்டு, ஊர் வாடிப் போயிற்று. வெளியே இருந்து பெரிய முதலாளிகள் வந்து கடைவீதி கட்டி ஊரைத் தூக்கி நிறுத்துவார்கள் என்று வருஷக் கணக்காகக் காத்திருந்தார்கள். 2011-ல் அந்தத் திட்டமும் கைவிட்டுப் போயிற்று. அதன் பிறகுதான் நகரசபைக்கு ஒரு புத்தி வந்தது. நகரசபை, கல்லூரி, போலீஸ் என்று ஊரோடு வேரூன்றிய ஆறு பொது ஸ்தாபனங்களைக் கூட்டி வைத்து, 'நாம் வருஷா வருஷம் செலவழிக்கிற பணம் எங்கே போகிறது?' என்று கணக்குப் பார்த்தார்கள். 2012-13-ல் நூற்றுக்கு ஐந்து பங்குதான் பிரெஸ்டனுக்குள் நின்றது. புதிதாக ஒரு பவுன்கூட வரி போடாமல், வாங்கும் முறையை மட்டும் மாற்றினார்கள். பெரிய ஒப்பந்தங்களைச் சிறு துண்டுகளாக்கி உள்ளூர்க்காரர்கள் எட்டிப் பிடிக்கும் உயரத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2016-17-ல் அந்த ஐந்து பங்கு பதினெட்டுக்கு மேல் ஆயிற்று. லங்காஷயர் ஜில்லா முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் 39 சதவீதம் 79 சதவீதம் ஆயிற்று.

1931-ல் காந்தியடிகள் இதே லங்காஷயருக்குப் போனார். அந்நியத் துணி பகிஷ்காரத்தால் வேலை இழந்த மில் தொழிலாளர்களை டார்வென் என்ற ஊரில் நேரிலேயே பார்த்துப் பேசினார். உங்கள் கஷ்டம் புரிகிறது, எங்கள் கிராமத்தின் கஷ்டத்தையும் பாருங்கள் என்பதுதான் அவர் கொண்டுபோன செய்தி. உள்ளூர்த் துணியை உள்ளூரார் வாங்க வேண்டும் என்று அவர் சொன்னபோது அதைப் பழைய காலத்துப் பேச்சு என்று சிரித்தவர்கள் உண்டு. அந்த லங்காஷயரே இப்போது அந்தப் பாடத்தைப் படித்துப் பாஸும் ஆகிவிட்டது. பாடத்தைச் சொல்லிக் கொடுத்த நாம் பெயில்!

இன்னொரு பக்கம் இலங்கையைப் பாருங்கள். அது நிஜமாகவே தீவு. பள்ளிப் பிள்ளைகளுக்கு 1993 முதல் சர்க்கார் இலவசமாகச் சீருடைத் துணி கொடுக்கிறது. 2022-ல் கஜானா வற்றி நாடே தவித்தது. அதன் பிறகு சீனா கை கொடுத்தது. 2025-ஆம் ஆண்டுக்கு வேண்டிய சீருடைத் துணி முழுவதுமே சீனத்து நன்கொடை. ஆபத்துக் காலத்தில் வந்த உதவியைக் குறை சொல்வது பாவம். பிள்ளைகளின் மானம் காப்பாற்றப்பட்டது. ஆனால் நன்கொடைத் துணியில் உடுப்பு இருக்கிறது, கூலி இல்லை. அந்தத் துணி உள்ளூரில் ஓடியிருந்தால் சில ஆயிரம் அடுப்புகள் எரிந்திருக்கும். தீவுக்கு வரும் இனாம் கப்பலோடு வந்து கப்பலோடு போகிறது. தீவுக்குள் கிடைக்கும் வேலைதான் தீவிலேயே தங்குகிறது. ஆரணி என்ற கடலில்லாத் தீவுக்கும் இதுவேதான் விதி.

*

எனக்கு எதிராகச் சொல்லக் கூடியவற்றையும் நானே சொல்லிவிடுகிறேன்.

முதல் ஆட்சேபம்: 'ஒவ்வோர் ஊரும் தன் ஊர்ச் சாமானையே வாங்கினால் ஆரணிச் சேலையை யார் வாங்குவார்கள்? அது வெளியூரில் விற்றால்தானே பிழைப்பு?' இது கூர்மையான கேள்வி. வட ஆர்க்காட்டு மண் ஏரி மண். ஆகையால் ஏரியை வைத்தே பதில் சொல்கிறேன். ஏரிக்குக் கரை போடுகிறவன் ஆற்றுக்கு விரோதி அல்ல. கரை வேறு, கோட்டைச் சுவர் வேறு. ஏரி தனக்கு வேண்டிய தண்ணீரை நிறுத்திக்கொள்கிறது; மதகு வழியாக வயலுக்குக் கொடுக்கிறது; மிஞ்சியதைக் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கு அனுப்புகிறது. தனி மனிதர்கள் எங்கே வேண்டுமானாலும் வாங்கட்டும், எங்கே வேண்டுமானாலும் விற்கட்டும். பொதுப் பணத்தில், அதுவும் ஒரு பங்கை, அந்த ஊரில் நெய்கிற சாமானாக இருந்தால் அந்த ஊரில் வாங்கு என்பதுதான் என் கட்சி. கரையே இல்லாத ஏரியைப் போல ஊரை வைத்திருந்துவிட்டு, மழை பெய்தும் வறண்டு கிடக்கிறதே என்று ஆச்சரியப்படுவதில் என்ன பிரயோஜனம்?

இரண்டாவது ஆட்சேபம்: 'சங்கங்களில் மோசடி நடக்கிறது. விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று முத்திரை குத்தி விற்கிறார்கள். பெயருக்குச் சங்கம், உள்ளே ஒரு முதலாளி.' உண்டு. மறுக்கவில்லை. அந்த ஆட்கள் மில் முதலாளியைவிட மோசமானவர்கள். மில்காரன் ஏழையின் பெயரைத் திருடுவதில்லை. ஆனால் திருடன் இருக்கிறான் என்பதற்காகச் சந்தையையே மூடுகிறவர் உண்டா? கைத்தறி முத்திரை இருக்கிறது, பட்டு முத்திரை இருக்கிறது. எந்தத் தறியில், யார் கையில், எந்தத் தேதியில் நெய்தது என்று ஒவ்வொரு உருப்படிக்கும் சீட்டு எழுதட்டும். சங்கத்தின் வாசலில் பலகை போட்டு, யாருக்கு எத்தனை பாவு கொடுத்தோம் என்று ஊருக்குத் தெரியும்படி எழுதி வைக்கட்டும். ஆரணித் தெருவில் எந்த வீட்டில் தறி ஓடுகிறது, எந்த வீட்டில் ஓடவில்லை என்பது எதிர்வீட்டுக்காரருக்குத் தெரியும். அவரைவிடப் பெரிய தணிக்கைக்காரர் கோட்டையில் இல்லை.

மூன்றாவது ஆட்சேபம்: 'பட்டு ஆடம்பரம். ஏழை நாட்டுச் சர்க்கார் பட்டு வாங்கலாமா?' எல்லோருக்கும் பட்டுச் சேலை கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. பொன்னாடை, கோயில் வஸ்திரம் என்று ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிற செலவைத்தான் கேட்கிறேன். தவிர, கை என்பது பட்டு மட்டுமே நெய்யப் பிறந்ததல்ல. மஸ்லின் நெய்த ஊருக்குப் பருத்தி அந்நியமா?

நாலாவதாக, 'டெண்டர் சட்டம் இடம் கொடுக்காது' என்பார்கள். 1998-ல் அந்தச் சட்டம் ஊழலைத் தடுக்க வந்தது. நல்ல காரணத்துக்காக வந்தது. ஆனால் பொங்கல் வேட்டி சேலையைக் கூட்டுறவுச் சங்கங்களிடம்தானே நெய்யச் சொல்கிறது சர்க்கார்? கோடிக் கணக்கில் வாங்குவதற்கு வழி தெரிந்தவர்களுக்கு ஆரணியில் ஆயிரக் கணக்கில் வாங்க வழி தெரியாதா? வழி இல்லை என்பது ஒரு பேச்சா? மனம் இல்லை!

*

ஆகவே, சம்பந்தப்பட்டவர்கள் காதில் விழும்படி என் கோரிக்கைகளைச் சொல்கிறேன். இதில் எதற்கும் புது இலாகா வேண்டாம், புதுக் கட்டடம் வேண்டாம், வெளிநாட்டுச் சுற்றுப்பயணமும் வேண்டாம்.

பொதுப் பணத்தில் நடக்கும் விழாக்களில் போர்த்தும் ஆடை கூட்டுறவுச் சங்கத்துக் கைத்தறியாக மட்டும் இருக்கட்டும். செலவு ஏறும் என்று பயந்தால் பதினோரு பாலியஸ்டருக்குப் பதிலாக ஒரே ஒரு கைத்தறித் துண்டு போதும். மற்றப் பத்துப் பேர் கும்பிட்டுவிட்டு உட்காரட்டும். கூட்டமும் சீக்கிரம் முடியும்.

அறநிலையத் துறையின் கீழ் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட கோயில்கள் இருக்கின்றன. வசதியுள்ள ஒவ்வொரு கோயிலும் சுவாமிக்கும் அம்பாளுக்கும் வாங்குகிற பட்டு வஸ்திரத்தை, அந்த ஜில்லாவில் நெய்கிறவர் இருந்தால் அவரிடமே வாங்கட்டும். 2022 முதல் அந்தத் துறை ஏழை மணமக்களுக்கு இலவசமாகக் கல்யாணம் நடத்தி வைக்கிறது. புண்ணிய காரியம். அந்தப் பெண்ணின் கூறைச் சேலை ஆரணித் தறியில் ஓடினால் ஒரு கல்யாணத்தில் இரண்டு வீடு வாழும்.

பொங்கல் சேலையிலும் பள்ளிச் சீருடையிலும் ஒரு பங்கை, சிறு பங்கானாலும் நிச்சயமான பங்கை, கைத்தறி ஊர்களுக்கென்று ஒதுக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பெரியவர் சொன்ன காலத்தைக் கவனிக்கட்டும். கல்யாணமில்லாத ஆடியிலும் மார்கழியிலும் கடைக்காரர்களின் பட்டு ஆர்டர் மந்தம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் பாவு ஓட்ட முடியாது. குழித்தறியில் ஈரம் ஏறும். கடைக்காரன் வாங்காத மாதத்தில் வாங்குவதற்குத்தான் சர்க்கார் வேண்டும். எல்லோரும் வாங்கும்போது தானும் வாங்கிவிட்டுத் தள்ளுபடிப் பலகை மாட்டுவதற்குச் சர்க்கார் எதற்கு? ஆடிக்கு வேண்டிய வேலையைச் சித்திரையில் எழுதிக் கொடுத்துவிட்டால் நெசவாளி மகாஜனிடம் முன்பணத்துக்குத் தலை சொறிய வேண்டியதில்லை.

கடைசியாக, வாங்கின சாமானுக்குப் பணம் கொடுக்கட்டும். சிறு தொழில்காரருக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அதைச் சர்க்கார் ஆபீஸே மதிக்காவிட்டால் வேறு யார் மதிப்பார்கள்? கச்சாப் பட்டையும் கூடிய மட்டில் தர்மபுரிப் பக்கத்துப் பட்டுக்கூடு விவசாயிகளிடமிருந்தே சங்கங்கள் எடுக்கட்டும். நெசவாளிக்குச் செய்கிற நியாயத்தை மல்பெரி பயிரிடுகிறவனுக்கும் செய்தால்தான் அது முழு நியாயம்.

*

அன்று நான் ஆரணியிலிருந்து கிளம்பும்போது பெரியவர் வாசல் வரை வந்தார். அவர் மகன் பெங்களூரில் ஏதோ கம்பெனியில் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருக்கிறானாம். "அவனுக்கும் நெசவு தெரியும் தம்பி. நல்லாவே தெரியும். வருஷம் பூரா வேல இருக்குதுன்னு ஒரு காகிதம் யாராச்சும் எழுதிக் குடுத்தா நாளைக்கே வந்து குழியில எறங்குவான்" என்றார். அந்தக் காகிதத்தை எழுதிக் கொடுக்கக் கூடியவர் யார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாங்கள் இருவரும் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

எனக்குப் போர்த்தின பொன்னாடை இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. எதற்காவது பயன்படுமா என்று என் மனைவி பார்த்தாள். வியர்வையைக் குடிக்காது; தண்ணீரையும் குடிக்காது; மேஜை துடைக்கக்கூட உதவவில்லை. அலமாரியின் மேல்தட்டில் கிடந்து இருட்டிலும் மின்னிக்கொண்டிருக்கிறது.

இனிமேல் என்னைக் கூட்டத்துக்கு அழைக்கிற அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒன்றும் போர்த்த வேண்டாம். போர்த்தியே தீருவேன் என்றால் உங்கள் ஊர்த் தறியில் நெய்த ஒரு துண்டு போதும். ஆனால் போர்த்தும்போது என் பெயரைச் சொல்வதற்கு முன்னால், அதை நெய்தவர் பெயரை ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். அந்தப் பெயர் தெரியாது என்றால், அந்தத் துணி எனக்கு வேண்டாம்.